கறுப்புப் பட்டியலும் வெள்ளித்திரையும்

சினிமாவைப் பற்றி நம்மிடையே வழங்கும் அபிப்பிராயங்களுள் மிகப் பரவலானது, அது வெறும் பொழுதுபோக்கு என்பதாகும். அமெரிக்க அரசியலைப் பற்றி வழங்கும் அபிப்பிராயமோ, அங்கு எவரும் எதனையும் பேசலாம், எழுதலாம், அரசு குறுக்கே நிற்பதில்லை என்பதாகும். படமொன்றைப் பார்த்துவிட்டு வீதியில் நடந்து வரும்போது சொல்லப்படும் இத்தகைய வார்த்தைகளுக்கு எவரும் ஆதாரங் கேட்பதில்லை. ஆயின் இவ்விரு அபிப்பிராயங்களும் ஒருங்கே பொய்யாகிய காலம் ஒன்றுண்டு. 1947ஆம் ஆண்டு தொடக்கம் 1960ஆம் ஆண்டு வரையிலான அக்காலப் பகுதியில், சினிமாவை வெறும் பொழுதுபோக்காகத் தான் ஒருபோதும் கருதியதில்லை என்பதை அமெரிக்க ஆளும் வர்க்கமே தன் செயலாற் பிரகடனஞ் செய்தது. பேச்சுச் சுதந்திரத்தைச் சட்டத்தால் மட்டுமன்றிச் சம்பளத்தாலும் பறிக்கலாம் என்பதையும் அதே செயல் உலகுக்குக் காட்டிற்று. ஹொலிவூட் கறுப்புப் பட்டியல் என்று வரலாறு குறிப்பிடும் அந்நிகழ்ச்சியையும், அதன் முன்பின் வரலாற்றையும் நாம் இங்கு நோக்குவோம்.

அமெரிக்கத் திரைப்படம் தவழ்ந்த பருவத்திலேயே அரசியலோடு உறவு பூண்டுவிட்டது. 1915ஆம் ஆண்டில் டி. டபிள்யூ. கிரிபித் இயக்கிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' வெளிவந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய தென் மாநிலங்களைப் பொருளாகக் கொண்ட அப்படம், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காமுகராகவும் மூடராகவும் சித்திரித்து, முகமூடியணிந்து அவர்களைக் கொன்று திரிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தை இரட்சகராகக் காட்டிற்று. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கம் பல நகரங்களில் எதிர்ப்புத் தெரிவித்தது. ஆனால் படமோ ஜனாதிபதி வில்சனின் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. மறைந்து கிடந்த கிளான் இயக்கம் அதே ஆண்டின் இறுதியில் ஜோர்ஜியா மாநிலத்தில் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம், ஓகையோ மாநிலத் தணிக்கை பற்றிய வழக்கொன்றில், சினிமா ஒரு வியாபாரமே ஆதலால் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அதற்கில்லை எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1952ஆம் ஆண்டு வரை 37 ஆண்டுகள் நிலைத்திருந்தது. வியாபாரம் என்ற வகையில் அதற்குக் கிடைத்த மதிப்பு, கருத்து என்ற வகையில் அதற்குக் கிடைக்கவில்லை.

வியாபாரிகளும் இந்நிலையை விரும்பாமலில்லை. அரசாங்கத் தணிக்கைக்கு அஞ்சிய ஸ்ரூடியோ முதலாளிகள் 1930இல் தாமே ஓர் ஒழுக்கக் கோவையை வகுத்து, 1934 முதல் அதனைக் கண்டிப்பாக அமுல் செய்தனர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே மலரும் காதலைத் திரையிற் காட்டலாகாது என்பது அக்கோவையின் விதிகளுள் ஒன்று. ஒழுக்கம் என்ற பெயரில் இனவெறியும் சட்டமாகியது. அதே 1934இல் கலிபோர்னியாவின் ஆளுநர் பதவிக்கு அப்டன் சிங்கிளேயர் என்னும் சோஷலிச நாவலாசிரியர் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டார். பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்த அக்காலத்தில், மூடிக்கிடந்த தொழிற்சாலைகளையும் தரிசு நிலங்களையும் வேலையற்றோரிடம் ஒப்படைத்து வறுமையை ஒழிப்பதே அவரது திட்டம். ஸ்ரூடியோ முதலாளிகள் திகிலடைந்தனர். ஊழியரின் ஒரு நாட் சம்பளம் எதிர்வேட்பாளரின் நிதிக்காக அறவிடப்பட்டது. சிங்கிளேயர் வென்றால் நாடெங்குமுள்ள நாடோடிகள் கலிபோர்னியாவை மொய்த்துவிடுவர் எனக் காட்டும் போலிச் செய்திப்படங்கள் தயாராகித் திரையரங்குகளில் உண்மைச் செய்தி போல ஓடின. சிங்கிளேயர் தோற்றார். சினிமாவும் அரசியலும் வேறு வேறு என்று கூறுவோர் அத்தேர்தலை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் தகும்.

எனினும் கனவுத் தொழிற்சாலை என்று வருணிக்கப்படும் ஹொலிவூட்டும் ஒரு தொழிற்சாலைதான். தொழிற்சாலை இருக்குமிடத்தில் தொழிலாளர் இருப்பர்; தொழிலாளர் இருக்குமிடத்தில் சங்கம் பிறக்கும். 1933இல் ஸ்ரூடியோக்கள் சம்பளத்திற் பாதிவரை வெட்ட முற்பட்டபோது, திரைக்கதை எழுத்தாளர் சங்கம் எழுச்சி பெற்றது. அதன் முதற் தலைவர் ஜோன் ஹவாட் லோசன் என்ற நாடகாசிரியர். 1941இல் வோல்ட் டிஸ்னியின் கேலிச் சித்திரக் கலைஞர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1945 ஒக்டோபரில் வோர்னர் சகோதரர் ஸ்ரூடியோவின் வாசலில் மறியல் செய்த தொழிலாளர்மீது நீர்க்குழாய்கள் திருப்பப்பட்டன, கண்ணீர்ப்புகையும் வீசப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில் ஆட்களைக் காட்டிக்கொடுக்க முன்வந்த முதலாளிகளுள் டிஸ்னியும் வோர்னரும் முன்வரிசையில் நின்றமை தற்செயலானதன்று. தேசத்துரோகம் என்று அங்கு பேசப்பட்டதன் அடியில், தீர்க்கப்படாத தொழிற்சங்கக் கணக்கொன்று கிடந்தது.

காலமும் முதலாளிகளுக்கு வாய்ப்பாக மாறிற்று. உலகப் போரின்போது சோவியத் யூனியன் அமெரிக்காவின் நேச நாடு. 1943இல் வோர்னர் நிறுவனமே 'மொஸ்கோவுக்குத் தூது' என்ற படத்தைத் தயாரித்து ஸ்டாலினைப் போற்றியது. போர் முடிந்து நான்காண்டுகள் கழியுமுன் அதே படத்துக்காக அந்நிறுவனத் தலைவர் விசாரணைக் குழுவின் முன் தன்னிலை விளக்கம் அளிக்க வேண்டியவரானார். 'ரஷ்யாவின் கீதம்' என்னும் இன்னொரு படத்தைப் பற்றிச் சாட்சியமளித்த நாவலாசிரியை அயன் ராண்ட், அப்படத்தில் ரஷ்ய மக்கள் புன்னகை செய்வதையே ஒரு குற்றமாக எடுத்துரைத்தார். நேற்றைய தேசபக்தி இன்றைய துரோகமாகியது. படங்களோ அப்படியே இருந்தன. அரசின் தேவைதான் மாறியிருந்தது.

அக்குழுவின் பெயர் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய பிரதிநிதிகள் சபைக் குழு. 1938இல் தற்காலிகமாக அமைக்கப்பட்டு 1945இல் நிரந்தரமாக்கப்பட்ட இக்குழு, 1947 ஒக்டோபரில் வாஷிங்டனில் ஹொலிவூட் பற்றிய பகிரங்க விசாரணையை ஆரம்பித்தது. தலைவராக அமர்ந்தவர் பார்னல் தோமஸ். உறுப்பினருள் ஒருவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ரிச்சட் நிக்சன். இணக்கமான சாட்சிகளாக முதலாளிகளும், கேரி கூப்பர், ரொபேட் டெய்லர் போன்ற நட்சத்திரங்களும், நடிகர் சங்கத் தலைவரான ரொனால்ட் றீகனும் வந்து சென்றனர். பின்பு இணங்காத சாட்சிகள் அழைக்கப்பட்டனர். கம்யூனிஸ்ட் கட்சியின் அங்கத்தவரா, முன்பு எப்போதேனும் அவ்வாறு இருந்ததுண்டா என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட பிரதான வினா. லோசன், டால்டன் ட்ரம்போ, ஹேர்பேட் பீபர்மன், றிங் லாட்னர், எட்வேர்ட் டிமிட்ரிக், ஏட்ரியன் ஸ்கொட் முதலாய பத்துப் பேர், ஒருவனது அரசியல் நம்பிக்கையைக் கேட்க இக்குழுவுக்கு உரிமையில்லை என்ற நிலையில் நின்று விடையளிக்க மறுத்தனர். பதினோராவதாக அழைக்கப்பட்டவர் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட். தாம் கட்சி அங்கத்தவர் அல்லர் என்று பதிலளித்த அவர், மறுநாளே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுவிட்டார். நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவிற் புகலடைந்த கலைஞர் ஒருவர் அங்கிருந்தும் அவசரமாக வெளியேற நேர்ந்தது.

அப்பத்துப் பேரும் கொங்கிரசை அவமதித்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1950இல் சிறை சென்றனர். சிலர் ஆறு மாதமும் ஏனையோர் ஓராண்டும் தண்டனை பெற்றனர். வரலாறு சில வேளைகளில் நாடகாசிரியனையும் விஞ்சிவிடுகிறது. லாட்னரும் லெஸ்டர் கோலும் கனெக்ரிகட் மாநிலத்து டான்பரிச் சிறையை அடைந்தபோது, அவர்களை விசாரித்த பார்னல் தோமசும் அங்கேயே கைதியாக இருந்தார். தம் அலுவலகத்தில் வேலை செய்யாதவர்களின் பெயரிற் சம்பளம் எழுதி அரசுப் பணத்தைக் கையாடியமை அவர் செய்த குற்றம்.

ஆயினும் சிறைத் தண்டனையைவிடக் கொடியது வேறொன்று. 1947 நவம்பர் இறுதியில் நியூயோர்க் நகரின் வோல்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலில் ஸ்ரூடியோ அதிபர்கள் கூடினர். அப்பத்துப் பேரையும் சம்பளமின்றி நீக்குவதாகவும், கம்யூனிஸ்ட் என்று தெரிந்த எவரையும் இனி வேலைக்கு அமர்த்துவதில்லை என்றும் அறிக்கை விடுத்தனர். இதனாற் குற்றமற்றோர் பாதிக்கப்படக்கூடும், அச்சம் நிலவும் சூழல் உருவாகக்கூடும் என்று அவ்வறிக்கையே ஒப்புக்கொண்டிருந்தது. அறிந்தே செய்த காரியம் அது. கம்யூனிஸ்ட் ஒருவன் திரைக்கதை எழுதுவதைத் தடை செய்யும் சட்டம் எதனையும் அமெரிக்கக் கொங்கிரஸ் இயற்றவில்லை. இயற்ற வேண்டிய அவசியமும் நேரவில்லை. அரசு சுட்டிக்காட்டியது; முதலாளி கதவைச் சாத்தினான். அரசு கருத்தைத் தண்டித்தது என்று கூறினால், வேலை கொடுப்பதும் கொடாது விடுவதும் தனியார் விருப்பம் என்று விடை வரும். முதலாளி அநீதி செய்தான் என்று கூறினால், தேசத்தின் பாதுகாப்பு என்று விடை வரும். இவ்விரு கதவுகளுக்குமிடையில் நசுங்கியவர் முந்நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர், நடிகர், இயக்குநர், இசைஞர், தொழில்நுட்பக் கலைஞராவர்.

1951இல் ஆரம்பமான இரண்டாவது விசாரணை முதலாவதினும் நுட்பமானது. பத்துப் பேரின் கதியைக் கண்டவர்கள், தமக்கெதிராகத் தாமே சாட்சி பகராதிருக்கும் ஐந்தாவது திருத்தத்தின் உரிமையை நாடினர். அவர்கள் சிறை செல்லவில்லை. வேலையை மட்டும் இழந்தனர். தன்னைப் பற்றி மட்டும் பேசுவேன், பிறரைப் பற்றிப் பேசேன் என்ற நடுவழிக்கு அங்கு இடமில்லை. தன்னைப் பற்றி வாய் திறந்தவன் நண்பரின் பெயர்களையும் சொல்லியே ஆகவேண்டும். கேட்கப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் இரகசியப் பொலிசாரிடம் ஏற்கெனவே இருந்தவை. ஆகவே தகவல் பெறுவது விசாரணையின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. ஒரு மனிதன் தன் தோழனைப் பகிரங்கமாகக் கைவிடுவதை நாடு காணவேண்டும் என்பதே நோக்கம். சிறையிலிருந்து மீண்ட டிமிட்ரிக் 1951இற் பெயர்களைச் சொன்னார். இயக்குநர் எலியா கசான் 1952இற் சொன்னார். இருவரும் தொடர்ந்து படமெடுத்தனர். 1999ஆம் ஆண்டிற் கசானுக்குக் கௌரவ ஒஸ்கார் விருது வழங்கப்பட்டபோது, மண்டபத்திலிருந்தோரிற் சிலர் எழுந்து நிற்கவும் கைதட்டவும் மறுத்தனர். நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் புண் ஆறவில்லை.

இவ்விடத்தில் பரவலான தவறான கருத்தொன்றைத் திருத்துதல் வேண்டும். இவை யாவும் ஜோசப் மக்கார்த்தி என்ற தனிமனிதனின் வெறியால் விளைந்தவை எனப் பலர் கருதுகின்றனர். மக்கார்த்தி செனற் சபை உறுப்பினர். பிரதிநிதிகள் சபைக் குழுவோடு அவருக்குத் தொடர்பில்லை. அவர் நாடறிந்தவரானது 1950 பெப்ரவரியில். ஹொலிவூட் விசாரணையோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. 1954 டிசம்பரிற் செனற் சபை அவரைக் கண்டித்து, அவர் செல்வாக்கிழந்த பின்னரும் கறுப்புப் பட்டியல் ஆறாண்டு காலம் உயிரோடிருந்தது. ஓர் அமைப்பின் குற்றத்தை ஒரு மனிதனின் தலையிற் சுமத்திவிட்டால் அமைப்பு தப்பிக்கொள்கிறது. மக்கார்த்தியம் என்ற சொல்லே அத்தகைய வசதியைச் செய்து கொடுத்தது எனலாம்.

இதே காலத்திலேயே தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுட் புகுந்தது. 1950இற் பத்து வீடுகளுக்கு ஒன்றில் இருந்த அப்பெட்டி, 1960இல் ஏறத்தாழ ஒன்பதில் இருந்தது. அங்கு கறுப்புப் பட்டியலுக்கு விசாரணைக் குழுவும் வேண்டியிருக்கவில்லை. 1950 ஜூனில், இரகசியப் பொலிசில் முன்பு பணியாற்றிய சிலர் 'சிவப்பு அலைவரிசைகள்' என்ற சிறு நூலை வெளியிட்டனர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய 151 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. ஸ்பானியக் குடியரசுக்கு ஆதரவளித்தமை, இனவெறிக்கெதிரான கூட்டமொன்றில் ஒப்பமிட்டமை போன்றவையே பலர்மீது காட்டப்பட்ட ஆதாரம். நிகழ்ச்சிகளுக்குப் பணம் கொடுத்தவை சவர்க்காரமும் காலையுணவும் விற்கும் கம்பனிகள். அக்கம்பனிகளுக்கு வேண்டியது சச்சரவின்மை. சிரக்கூஸ் நகரத்துப் பலசரக்குக் கடைகளின் உரிமையாளர் ஒருவர், பட்டியலிற் கண்டவரை நடிக்கவிடும் கம்பனிகளின் பண்டங்களுக்கு எதிராகத் தன் கடைகளில் அறிவித்தல் வைக்கப்போவதாக மிரட்டியே பல நடிகரின் பிழைப்பைக் கெடுத்தார். மக்களின் பெரு விருப்பத்துக்குரிய 'கோல்ட்பேர்க் குடும்பம்' என்ற தொடரில் தந்தையாக நடித்த பிலிப் லோப் வேலை நீக்கப்பட்டார். 1955இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர், 1954 மார்ச் 9ஆந் திகதி எட்வேர்ட் மரோ மக்கார்த்திக்கு எதிராக ஒலிபரப்பிய அரை மணி நேரத்தைப் பெருமையோடு நினைவுகூர்வர். அது பெருமைக்குரியதே. ஆனால் அந்நிகழ்ச்சிக்கான பத்திரிகை விளம்பரத்துக்கு நிறுவனம் பணங்கொடுக்க மறுத்தது. மரோவும் அவரது சகாவும் தம் கைப்பணத்தைக் கொடுத்தனர். மறு ஆண்டிலே, நிகழ்ச்சிக்குப் பணமளித்து வந்த அலுமினியக் கம்பனி விலகிக்கொண்டது. நிகழ்ச்சி தன் வாராந்த இடத்தை இழந்து, 1958இல் முற்றாக நிறுத்தப்பட்டது. வீரம் பாராட்டைப் பெற்றது, நேரத்தைப் பெறவில்லை.

கறுப்புப் பட்டியலால் வேலையிழந்தோரை எண்ணிவிடலாம். எழுதப்படாமற் போன கதைகளை எண்ண முடியாது. 1947இல் வெளியான 'குரொஸ்பயர்' என்னும் படம் யூத வெறுப்பை நேர்நின்று கண்டித்தது. அதன் தயாரிப்பாளர் ஸ்கொட்டும் இயக்குநர் டிமிட்ரிக்கும் அதே ஆண்டிறுதியில் வேலை நீக்கப்பட்டனர். அதன் பொருளை ஏனையோர் நன்கு விளங்கிக்கொண்டனர். சமுதாயப் பிரச்சினைகளைப் பேசும் படங்கள் விரைவாகக் குறைந்தமையை, 1956இல் ஜோன் கொக்லி வெளியிட்ட கறுப்புப் பட்டியல் பற்றிய அறிக்கையில் இடம்பெற்ற ஆய்வு எடுத்துக்காட்டிற்று. அவ்விடத்தை நிரப்ப வந்தவற்றுள் 'நான் ஒரு கம்யூனிஸ்டை மணந்தேன்', 'என் மகன் ஜோன்' போன்ற பிரசாரப் படங்களும், விசாரணைக் குழுவின் துப்பறிவாளராக ஜோன் வேய்ன் தோன்றிய ஒரு படமும் அடங்கும். சார்ளி சப்ளினின் கதி யாவரும் அறிந்தது. 1952 செப்டெம்பரில் லண்டன் நோக்கிக் கப்பலேறிய அவரது மீள்வருகை அனுமதி, கப்பல் கடலிற் சென்றுகொண்டிருக்கும்போதே இரத்துச் செய்யப்பட்டது. அவர் மீண்டும் அமெரிக்க மண்ணை மிதித்தது 1972இல்.

வெளியேற்றப்பட்டோர் தாமே ஒரு படமெடுத்தால் என்ன நேரும் என்பதற்கும் வரலாற்றில் விடையுண்டு. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் துத்தநாகச் சுரங்கமொன்றில் 1950 ஒக்டோபர் முதல் 1952 ஜனவரி வரை மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தொழிலாளர் மறியல் செய்யலாகாதென நீதிமன்றம் தடைவிதித்தபோது, தடையுத்தரவிற் குறிப்பிடப்படாத அவர்தம் மனைவியர் மறியலைப் பொறுப்பேற்றனர். இக்கதையை மைக்கேல் வில்சன் எழுத, சிறை மீண்ட பீபர்மன் 'பூமியின் உப்பு' என்ற பெயரிற் படமாக்கினார். சங்கத் தலைவராகிய சுரங்கத் தொழிலாளியே கதாநாயகனாக நடித்தார். படப்பிடிப்பு முடியுமுன் மெக்சிக்க நாட்டுக் கதாநாயகி றொசோரா றெவுவெல்தாஸ் கைது செய்யப்பட்டு நாட்டை விட்டு வெளியேற வேண்டியவரானார். படச்சுருளைக் கழுவ ஆய்வுகூடங்கள் மறுத்தன. 1954இற் படம் முடிந்தபோது அதனைத் திரையிட்ட அரங்குகள் நாடு முழுவதிலும் ஒரு டசின் அளவே. திரையிடும் கருவியை இயக்குவோரின் தொழிற்சங்கமே அதனைத் தொடக்கூடாதெனத் தன் உறுப்பினரைத் தடுத்தமைதான் இங்கு நம் நெஞ்சைச் சுடுவது. தொழிலாளரைப் பற்றிய படத்தைத் தொழிலாளரின் கையாலேயே மறைக்க முடிந்தது. 1992இல் அதே படம், பாதுகாக்கப்பட வேண்டிய தேசியச் செல்வங்களுள் ஒன்றாக அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. ஒரு கலைப்படைப்பினால் எவருக்கும் ஆபத்தில்லை என்று உறுதியான பின்னரே அதற்கு மாலை விழுகிறது.

ஆசிரியர்களாகிய வாசகர்கள் இன்னொன்றையும் நோக்குதல் நன்று. இவ்வேட்டை நட்சத்திரங்களோடு நின்றுவிடவில்லை. நியூயோர்க் மாநிலத்தில் 1949இல் நிறைவேறிய பெயின்பேர்க் சட்டம், ஆசிரியரின் அரசியற் பற்றைத் துருவி ஆராய்ந்து வேலை நீக்க வழிசெய்தது. 1952இல் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 1967இலேதான் அது செல்லாததாக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வகுப்பறையை இழந்த ஆசிரியரின் பெயர்களைச் சொல்வதற்குத் திரைப்படம் எதுவும் இல்லை.

இவ்வரலாற்றின் ஒரு நிழல் நமது நாட்டிலும் விழுந்துள்ளது. களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவில் எடுக்கப்பட்டு 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. திரைக்கதைக்கான விருது, மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. அவரோ திரைக்கதையை எழுதியவர் அல்லர். எழுதியவர்கள் 'பூமியின் உப்பு' படைத்த மைக்கேல் வில்சனும் கார்ல் போர்மனும். இருவரும் கறுப்புப் பட்டியலிற் சிக்கி ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள். போர்மன், விசாரணைக் குழுவின் அழைப்பாணை தலைக்குமேல் தொங்கிய நாட்களில், ஊரே கைவிட்ட ஒரு காவலதிகாரியின் கதையை 'நண்பகல்' என எழுதியவர். 1984இலேயே பாலத்தின் திரைக்கதைக்குரிய விருது அவ்விருவரின் பெயருக்கும் மாற்றப்பட்டது. வில்சன் இறந்து அப்போது ஆறாண்டுகள். போர்மனும் அவ்வாண்டிலேயே மறைந்தார். கித்துல்கலவுக்குச் சென்று, பாலம் நின்ற இடத்தைப் பார்த்து மகிழ்வோர் பலர். அப்பாலத்தைக் காகிதத்திற் கட்டியோரின் பெயர் அழிக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்தோர் சிலர்.

அதே படத்தில் இன்னொரு மறைப்பும் உண்டு. அதனைக் கறுப்புப் பட்டியலின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 1942-43இல் ஜப்பானிய இராணுவம் அமைத்த சயாம்-பர்மா இரயிற் பாதையிற் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு தொகையினராக மாண்டவர்கள் ஆசியத் தொழிலாளர். அவருள் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் பெருந்தொகையினர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆங்கில அதிகாரி ஒருவரின் மான உணர்ச்சியே படத்தின் பொருள். எழுத்தாளரின் பெயரை அச்சம் மறைத்தது. தோட்டத் தொழிலாளியின் உடலை மறைப்பதற்கு அச்சமும் தேவைப்படவில்லை, பழக்கமே போதுமாயிற்று. மறைக்கப்பட்டவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பதை அறிந்து பார்க்கும்போது அப்பாலம் வேறொரு பாலமாகத் தெரிகிறது.

முற்போக்காளராகிய நாம் பிறர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. அப்பத்துப் பேருள் ஒருவரான அல்பேட் மால்ட்ஸ், 1946 பெப்ரவரியில் 'நியூ மாசஸ்' என்ற இடதுசாரி ஏட்டில், இலக்கியத்தை அன்றாட அரசியற் கோஷத்தின் அளவுகோலால் அளப்பது எழுத்தாளனை முடமாக்கும் என்று கட்டுரை எழுதினார். கட்சித் தோழர்கள் அவர்மீது பாய்ந்தனர். இரண்டு மாதங்களுள் அவர் தம் கருத்தைத் தாமே மறுத்தெழுத நேர்ந்தது. அடுத்த ஆண்டு அரசின் குழுவுக்குத் தலைவணங்காத அதே மனிதர், தோழரின் குழுவுக்குத் தலைவணங்கினார். இவ்விரண்டையும் நாம் சமப்படுத்தவில்லை. தோழரின் கண்டனம் அவரைச் சிறையிலிடவுமில்லை, பட்டினியிடவுமில்லை. எனினும் எழுத்தாளன் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதைக் காண விரும்பும் மனப்பாங்கு எங்கு தோன்றினும் ஒரே இனத்தைச் சேர்ந்தது. கறுப்புப் பட்டியலைக் கண்டிக்கும் தகுதி, நமது கைகளிற் பட்டியல் இல்லாதபோதே முழுமை பெறும்.

பட்டியல் எவ்வாறு முடிந்தது? எவரும் அதனை இரத்துச் செய்யவில்லை. இருந்ததாகவே ஒப்புக்கொள்ளாத ஒன்றை எவ்வாறு இரத்துச் செய்வது? புனைபெயர்களே அதனை உள்ளிருந்து அரித்தன. 1957இல் றொபேட் றிச் என்பவருக்கு ஒஸ்கார் அறிவிக்கப்பட்டபோது அப்படி ஒருவர் உலகில் இல்லை; எழுதியவர் ட்ரம்போ. மலிவான கூலிக்குத் திறமையை வாங்க முதலாளிகள் பின்கதவைத் திறந்து வைத்திருந்தனர். துரோகியின் கைகுலுக்க மறுத்தவர்கள் அவன் கையெழுத்துப் பிரதியை மறுக்கவில்லை. 1960இல் 'எக்சோடஸ்', 'ஸ்பார்ட்டக்கஸ்' ஆகிய படங்களில் ட்ரம்போவின் பெயர் வெளிப்படையாகத் தோன்றிற்று. எதிர்ப்பாளரின் மறியலைக் கடந்து ஜனாதிபதி கென்னடி 1961இல் 'ஸ்பார்ட்டக்கஸ்' பார்க்கச் சென்றார். ஆயினும் பலருக்கு அதன் பின்னரும் வேலை கிடைக்கவில்லை. வானொலிக் கலைஞர் ஜோன் ஹென்றி போக், தம்மைப் பட்டியலிட்டோர்மீது தொடுத்த வழக்கில் 1962இல் வென்றார். பெயர் மாற்றம் பெற்று நீடித்த விசாரணைக் குழு 1975இல் ஒழிக்கப்பட்டது.

அக்குழுவின் முன் இணக்கமாகத் தோன்றிய நடிகர் சங்கத் தலைவர் றீகன், சினிமாவிற் சந்தர்ப்பம் குறைந்த பின் 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலக்ரிக் கம்பனியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தினார். அக்கம்பனியின் தொழிற்சாலைகள்தோறும் சென்று சொற்பொழிவாற்றினார். 1967இற் கலிபோர்னியாவின் ஆளுநராகவும் 1981இல் ஜனாதிபதியாகவும் பதவியேற்றார். 2004 முதல் 'பயிலுநர்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வேலைக்காரரை நீக்கும் முதலாளியாகத் தோன்றிய டொனால்ட் ட்ரம்ப் 2016இலும் 2024இலும் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். நடிகர் நாடாள்வதைக் கண்டு நகைப்போர் உளர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. எந்தக் கதைகள் திரையில் அனுமதிக்கப்பட்டனவோ, அக்கதைகளின் கதாநாயகரையே மக்கள் அரசியலிலும் இனங்கண்டனர். சுரங்கத் தொழிலாளியும் மறியல் செய்த அவன் மனைவியும் ஒரு டசின் அரங்குகளுள் அடைக்கப்பட்டார்கள். சவாரி செய்யும் வீரனும் சம்பளங் கொடுக்கும் சீமானும் வீடுதோறும் வந்தார்கள். மக்கள் அறியாமையாற் பிழை செய்தனர் என்று சொல்லுமுன், அவர்கள் எவற்றை அறியவிடாது தடுக்கப்பட்டனர் என்று கேட்பதே வரலாற்று நோக்கு.

எனவேதான் படத்தைப் பற்றிச் சாவகாசமாகச் சொல்லப்படும் அபிப்பிராயம் அத்துணை இலேசானதன்று என்கிறோம். ஒருவன் வாயில் வரும் அச்சொல்லுக்குப் பின்னால், பெயர் நீக்கப்பட்ட எழுத்தாளனும், பணத்தைப் பிடித்துக்கொண்ட கம்பனியும், கழுவ மறுக்கப்பட்ட படச்சுருளும் இருக்கக்கூடும். மாணவர்கள் படம் பார்க்கட்டும், மகிழட்டும். ஆனால் அதனைப் பற்றி வகுப்பறையிற் பேச்செழும்போது, படம் நன்றா தீதா என்ற கேள்வியோடு வேறு இரண்டு கேள்விகளையும் ஆசிரியர் எழுப்புவாராக. இந்தக் கதையில் யார் இல்லை? அவர்கள் இல்லாததற்கு யார் பணங் கொடுத்தார்கள்? விடை உடனே கிடைக்காமற் போகலாம். வில்சனின் பெயர் வெளிவர இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தமையாலேயே அது வெளிவந்தது.